வரிக்குதிரை நானா ஒளித்த நுனி

மாத்தளை டவுனில் பஸ்ஸை மறித்த ஆட்கள் உண்டு, பெரஹர ஊர்வலத்தையே நிறுத்திய யானை உண்டு. ஆனால் ஒரு நூலின் நிறம் மாறும்வரை ஊரையே காத்திருக்க வைத்த மனிதர் ஒருவர்தான். எங்கள் வரிக்குதிரை நானா.

என் நூல் கடைக்கு எதிரே த்ரீவீல் ஓட்டுபவர். கடையைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, ரிப்பன் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு எல்கடுவ தேயிலைத் தோட்ட லயங்களுக்கு ஏறி இறங்கியவன் நான். இன்று மாத்தளையில் எங்கே ஊசி விழுந்தாலும் அது என் கடை ஊசிதான். அந்தக் கடைக்குள் வந்து என் நூலைக் குறை சொல்ல நானா ஒருவருக்குத்தான் துணிச்சல் இருந்தது.

ஹயருக்கு ஆள் இல்லாத நேரமெல்லாம் குரோஷே ஊசியோடு உட்கார்ந்திருப்பார். எதைப் பின்னினாலும் வரி வரியாகத்தான். சீட்டுக்கு வரி, குடைப்பிடிக்கு வரி, ஹோர்னுக்கும் ஒரு வரிச்சட்டை. அதற்குப் பிறகு அந்த ஹோர்ன் மழைக்காலத் தவளை மாதிரிதான் கத்தியது. ஆம்பிளைக்கு இது என்ன வேலை என்று ஒருநாள் கேட்டேன்.

"கை சும்மா ஈந்தா வாய் வேல செய்யுது, முதலாளி. உங்களப் பாத்துத்தான் வெளங்கிச்சு."

நிறம் மாற்றுவதில்தான் அவருடைய பைத்தியம் முழுதும். பழைய நிறத்தின் கடைசிக் கண்ணியை முடித்துவிட்டுப் புது நிறத்தைத் தொடங்கக் கூடாதாம். ஊசியில் கடைசி இரண்டு வளையம் நிற்கும்போதே பழைய நூலை விட்டுவிட்டு, புது நூலை இழுத்து அந்தக் கண்ணியை முடிக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் அடுத்த வரியின் தலையில் பழைய நிறம் எட்டிப் பார்க்கும். அந்த இரண்டு வளையம் ஊசியில் இருக்கும்போது ஜனாதிபதியே வந்து ஏறினாலும் வண்டி கிளம்பாது. நாவுல ஊருக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவந்த ஓர் அம்மாவை அப்படித்தான் உட்கார வைத்தார். பஸ் போய்விட்டது. நிறம் மாறியதும் விரட்டிக்கொண்டு போய் வழியில் மறித்து ஏற்றிவிட்டார். காசு வாங்கவில்லை. அந்த அம்மா திட்டியதை மட்டும் வாங்கிக்கொண்டார்.

மிச்ச நுனியை ஊசியால் உள்ளே ஒளிப்பதில் அவர் திருடனுக்கும் மேலே. நான் கடைக்கு மாடி கட்டியபோது என் நாற்காலி மெத்தைக்கு மஞ்சளும் பச்சையுமாக உறை பின்னித் தந்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது, ஒன்றும் தெரியவில்லை.

போன வருடம் அவருடைய ஒரே மகள் கைக்குழந்தையோடு கட்டாரில் இருக்கும் புருஷனிடம் கிளம்பினாள். பேரப்பிள்ளைக்கு நானா ஒரு போர்வை பின்னினார். பயண நாள் காலையில் கடைக்கு வந்தவர் முகத்தில் ரத்தமே இல்லை. கடைசி மஞ்சள் வரிக்கு நூல் போதவில்லை. என்னிடம் இருந்த மஞ்சளையெல்லாம் அள்ளிப் போட்டேன். ஒவ்வொன்றாக வாசல் வெயிலில் பிடித்துப் பார்த்தார். இது எலுமிச்சை, இது வாழைப்பழம், இது மஞ்சள்காமாலை என்று தள்ளிவிட்டார். பிறகு அவர் கண் மெல்ல என் நாற்காலிக்கு வந்தது. நானே எழுந்துகொண்டேன்.

உறையின் கடைசிச் சுற்று அதே மஞ்சள். நுனி கிடைத்தால் உருவிவிடலாம். கிடைத்தால்தானே! அவர் கண்ணாடியை மாற்றிப் பார்த்தார், நான் பூதக்கண்ணாடி கொண்டுவந்தேன், கடைப் பிள்ளைகள் டார்ச் அடித்தார்கள். ஒளித்தவருக்கே தெரியவில்லை. கத்தரிக்கோலை எடுத்தேன். அவர், பிள்ளையின் கழுத்தில் வைத்த மாதிரி உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"அறுத்தா துண்டு துண்டா வரும். வரி நடுவுல முடிச்சுப் போட ஏலா, முதலாளி. அந்தப் புள்ள முடிச்சுல படுக்கிறதா?"

எயார்போர்ட் போகும் வேன் வந்து நின்றது. மகள் குழந்தையோடு இறங்கி வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். குழந்தையை என் கையில் தந்துவிட்டு, உறையை வாங்கி, இடது மூலையில் நகத்தை விட்டு ஒரு கிண்டு. நுனி வெளியே வந்துவிட்டது.

"சின்னதுல நீங்க பின்னின எல்லாத்தையும் இழுத்து விட்டது ஆரு, வாப்பா? எப்பவும் இந்த மூலையிலதானே ஒளிப்பீங்க."

நானா நுனியைப் பிடித்து மஞ்சளை உருவினார். கடை வாசலில் உட்கார்ந்து பின்னத் தொடங்கினார். வேன்காரர் ஹோர்ன் அடித்தார். மகள் அசையவில்லை. கடைசிக் கண்ணி முடிந்தது. நுனியை இடது மூலையில் ஒளித்து, போர்வையைப் பேரப்பிள்ளைமேல் போர்த்தினார். வேன் போன பிறகு அன்று முழுக்க அவர் ஹயர் ஓடவில்லை. நான் உறை போன நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவரும் ஊசியை எடுக்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

சில வாரம் கழித்துப் புது உறை வந்தது. சிவப்பும் வெள்ளையும். இடது மூலையில் விரல் நீளத்துக்கு நூல் தொங்கியது. நானாவின் வேலையில் வெளியே தொங்கும் நூலை நான் பார்த்தது அன்றுதான். மறந்துவிட்டீர்களா என்றேன்.

"அடுத்த பேரப்புள்ளக்கு வேணுமே. தேடிக்கிட்டு ஈக்க ஏலா."

வருகிறவர்களெல்லாம் "முதலாளி, நூல் தொங்குது, வெட்டிவிடவா?" என்கிறார்கள். ஒருவரையும் அந்த மூலைப் பக்கம் விடுவதில்லை.