மன்சாந்தியின் நல்ல வாடகைதாரர்

"மீன் வறுக்க மாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டா ஆச்சா? உன் விருந்தாளி வந்து வறுத்தா?"

"எனக்கு விருந்தாளியே வர மாட்டாங்க, காகா."

"யாருமே வராத பொண்ணுக்கு எதை நம்பி வீடு குடுக்கிறது?"

உலகின் உச்ச நீதிமன்றங்கள் தலைநகரங்களில் மட்டுமே இருப்பதாக நினைப்பவர்கள், மும்பையை அடுத்த டோம்பிவிலியில் 'மன்சாந்தி' குடியிருப்புச் சங்கம் வாடகைதாரரை நேர்காணல் செய்வதைப் பார்த்ததில்லை. எல்லோரும் 'காகா', அதாவது சித்தப்பா, என்றழைக்கும் செயலாளர் கரண்டிகர், ஓய்வு பெற்றபின் தமக்குக் கிடைத்த ஒரே அதிகாரத்தை ஒருநாளும் தவறாகப் பயன்படுத்தியதில்லை. முழுதாகப் பயன்படுத்தினார், அவ்வளவுதான்.

எதிரே நின்ற சுல்பா ஒரு நர்ஸ். அவள் குடியிருந்த கட்டடத்தை இரண்டு மாதத்தில் இடிக்கப் போகிறார்கள். ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிற தூரத்தில், அவள் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகிற வீடு மன்சாந்தியின் பதினான்காம் எண் மட்டும்தான். ஜன்னலுக்கு நேரே தண்டவாளம் என்பதால் வாடகை குறைவு. புனேயில் இருக்கும் வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார். சங்கம் சம்மதிக்க வேண்டும்.

"எங்களுக்கு அமைதிதான் முக்கியம்" என்றார் கரண்டிகர். கல்யாண் லோக்கல் ரயில் கடந்து போகும்வரை காத்திருந்து, "அமைதி" என்று மறுபடி சொன்னார். தீர்ப்பு: 'குடும்பத்தினருக்கு மட்டும்.'

அதே வீட்டைக் கேட்டு அடுத்து உள்ளே போன நிவ்ருத்தி ஐந்தே நிமிடத்தில் வெளியே வந்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். மன்சாந்தியின் லிஃப்ட் ஓடி இரண்டு வருடம் ஆகிறது.

"உங்களுக்கும் குடும்பம் இல்லையா?" என்று கேட்டாள் சுல்பா.

"அம்மா இருக்காங்க. அது குடும்பம் இல்லையாம்."

வாசலில் வடாபாவ் வாங்கிக் கொடுத்தான். பிறகு தினமும் வாங்கிக் கொடுத்தான். ஐந்தாவது வாரம் பிள்ளையார் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டார்கள். வீட்டுக்காகத்தான் கல்யாணம் என்று யாரும் சொல்ல முடியாது. வீட்டை மறந்துவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது.

மாலை வாடுமுன் இருவரும் சங்கத்தில் ஆஜரானார்கள். கரண்டிகர் கல்யாணப் போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"புதுசா கட்டிக்கிட்டவங்க சண்டை போடுவாங்களே. சத்தம்."

"நாங்க போட மாட்டோம், காகா."

"அப்போ குழந்தை பொறக்கும். அதுவும் சத்தம்."

"பின்ன யாருக்குத்தான் குடுப்பீங்க?" சுல்பாவின் குரல் உயர்ந்தது.

"பாத்தியா, இப்பவே கத்துற."

சுல்பாவின் பழைய கட்டடத்தை இடித்தார்கள். தம்பதி ஆசன்காவுக்குக் குடிபோனார்கள். ஆஸ்பத்திரிக்கு ஒருமணி நேர ரயில். லிஃப்ட் ஓடாததால் மாடி ஏற முடியாத கரண்டிகரும், அவ்வருடமே தாணேயில் மகன் வீட்டுக்குப் போனார். போகுமுன் ஆண்டுவிழாவில் பதினான்காம் எண்ணைப் புகழ்ந்து பேசினார்: "மீன் வாசனை இல்ல, விருந்தாளி இல்ல, ஒரு புகார் இல்ல."

தினமும் காலையில் ரயில் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டே சுல்பா பதினான்காம் எண்ணின் ஜன்னலைக் கடந்து போகிறாள். அங்கே, சங்கம் எதிர்பார்த்த எல்லாத் தகுதியோடும், ஒரு பூட்டு குடித்தனம் நடத்துகிறது.