டெக்சாஸில் ஒரு கருவாட்டுக் கேஸ்

“எப்பா, தெருவுல போலீசு வீடு வீடா ஏறி எறங்குது!”

டெக்சாஸிலிருந்து மகள் ஷைஜா போனில் அலறியபோது, நாகர்கோவிலில் செல்வதாஸ் வெட்டுகத்தியால் பலாச்சக்கையைப் பிளந்துகொண்டிருந்தார்.

“போலீசு எதுக்கு மக்கா?”

“அம்மதான்!”

மகளின் பிரசவத்துக்குப் போன குளோரி அங்கே சும்மா இருந்தாளா? இல்லை. மீனுக்கு உப்பிட்டுக் கார் ஷெட்டில் காயப்போட்டிருந்தாள். ஷெட்டுக்குள் வெயில் போதவில்லை. பிண வாடை அடிக்கிறது என்று எவனோ போலீசுக்குச் சொல்லிவிட்டான்.

“கருவாட்டு மணம் தெரியாத வெள்ளக்காரப் பய! அவன் வெளங்குவானா?” செல்வதாஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “எல்லாத்தையும் தோட்டத்துல பொதைக்கச் சொல்லு!”

சற்று நேரத்தில் மறுபடி போன்.

“எப்பா, அம்ம குழிய மூடும்போது பாத்துட்டாவ! கையில மண்வெட்டி!”

“வீடியோவுல வாட்டி. நான் பேசுதேன் அவனுவகிட்ட!”

பேசினார். பேசியதென்ன, கத்தினார். கோபத்தில் கையை ஓங்கி ஓங்கிக் கத்தினார். கையில் வெட்டுகத்தி இருந்தது அவருக்கு நினைவில்லை. போலீஸ்காரர்களுக்கு அது மட்டும்தான் தெரிந்தது. குளோரியை வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

செல்வதாஸ் வக்கீல் கோலப்பன் வீட்டுக்கு ஓடினார். கோலப்பன் சுத்த சைவம், பழைய சிநேகிதர். அவர் மகன் நாகேந்திரனும் ஷைஜாவுக்கு அடுத்த தெருவில்தான் குடியிருந்தான்.

“எனக்க பொண்டாட்டிய கொலகாரி ஆக்கிட்டானுவ வக்கீலே! போன் பண்ணுனவன் கையில கெடைக்கட்டும், அவன் அப்பனையும் சேத்து விடமாட்டேன்!”

“விடப்படாது வே!” கோலப்பனும் கொதித்தார். “பொறுப்பில்லாத பய. பெத்தவன் வளத்த லெச்சணம் அப்படி! கேச நான் நடத்துதேன். மொதல்ல குளோரிய வெளிய எடுப்போம். நம்ம நாகேந்திரன அனுப்புதேன். அது கருவாடுதான்னு சாட்சி சொல்லட்டும்.”

காப்பியோடு வந்த கோலப்பன் மனைவி தாணம்மாள் நடையிலேயே நின்றுவிட்டாள்.

“அவன் எப்படிங்க கருவாடுன்னு சாட்சி சொல்லுவான்? பொணம்னு போலீசுக்குச் சொன்னதே அவந்தானே!”