காலா, காரா?

சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. காரின் பிரேக் ஏன் இறுகிக் கிடக்கிறது என்று காட்டிக்கொண்டு வருவது.

கார் என்றால் வழக்கமான கார் இல்லை. இரண்டே இருக்கை, சிவப்பு நிறம், தரையோடு தரையாக ஓடுகிற பழைய ஸ்போர்ட்ஸ் கார். என் கணவர் விட்டுப்போனவற்றில் சத்தம் போடக்கூடியது அது ஒன்றுதான். அதனால் வைத்திருக்கிறேன்.

ஒரு கிழமையாகப் பிரேக்கை மிதித்தால் செங்கல்லை மிதித்த மாதிரி. கார் நிற்கும், நான்தான் பல்லைக் கடிக்கவேண்டும். இதைப் போய் கனடாவில் இருக்கிற மகனிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்!

"அம்மா, காருக்கு ஒண்டும் இருக்காது. உங்கட காலிலதான் பெலன் இல்லை. மெக்கானிக்கிட்டக் காட்டுங்கோ. காரில பிழை இல்லையெண்டா வித்துப்போடுவம். சரியே?"

"ஓம்" என்று சொல்லித் தொலைத்தேன்.

தன் கார் பழுதாகத்தான் இருக்கவேண்டும் என்று கோணேசர் கோயிலுக்கு நேர்த்தி வைத்தவள் இந்தத் திருகோணமலையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கிண்ணியா மெக்கானிக் ரசீனுக்குப் போனில் கோல் எடுத்தேன். அந்தப் பக்கம் யாரோ தகரம் தட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் கத்தினேன்.

"தம்பி, கால் வைச்சா இறுகுது! அமத்த ஏலாமல் கிடக்கு!"

"அது காத்துப் பிரச்சின டீச்சர்! எங்கயோ காத்து போவுது! மெல்லமாக் கொண்டு வாங்க!"

ஸ்பீக்கரில் போட்டது என் பிழை. குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற என் தங்கச்சி மங்கைக்கு முழுக்கக் கேட்டுவிட்டது. அவளுக்குக் காத்து என்றால் ஒன்றுதான். வாயு!

"நான் அப்பவே சொன்னனான் எல்லே! ராவில மரவள்ளிக்கிழங்கு வேண்டாம் எண்டு! இப்ப வாயு காலுக்கு இறங்கிட்டுது!"

"அடியே, அவர் காருக்குச் சொன்னவர்."

"கார் மரவள்ளிக்கிழங்கே சாப்பிட்டது?"

நான் பதிலுக்கு வாயைத் திறந்தேன்.

வாயில் உள்ளிப் பல்லைத் திணித்தாள். மேலே ஓமத்தண்ணி. பிறகு முழங்காலிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் வாதத் தைலம். எனக்குக் கால் பிடித்துவிட வேறு யார் இருக்கிறார்கள்? சுகமாகத்தான் இருந்தது. காலை இன்னும் நீட்டிக் கொடுத்தேன்.

கொடுத்திருக்கக் கூடாது.

வெறுங்காலோடு காரை எடுத்தேன். பக்கத்தில் மங்கை, மடியில் தைலப் போத்தல். துறைமுகப் பக்கம் திரும்பினால் நடுறோட்டில் ஒரு மான். எங்கள் ஊர் மான்கள் யாருக்கும் வழி விடாது. பிரேக்கில் கால் வைத்தேன்.

கால் வழுக்கிக்கொண்டு போய் அக்சிலேட்டரில் ஏறியது!

கார் பாய்ந்தது. மங்கை அலறினாள். நான் ஹாண்ட்பிரேக்கை இழுத்து, இரண்டு காலையும் பிரேக்கில் ஏற்றி, ஏறக்குறைய எழும்பியே நின்றேன். மானின் மூக்குக்கு முன்னால் கார் நின்றது. மான் எங்களை ஒருதரம் பார்த்துவிட்டு, வாயிலிருந்த பேப்பர் பையைத் தொடர்ந்து சப்பியது.

பின்னால் வந்த ஓட்டோக்காரர் தலையை நீட்டினார். "என்னம்மா, றேஸ் பழகுறியளோ?"

எனக்குச் சிரிப்பு அடக்க ஏலவில்லை. மங்கைக்கு அழுகை அடக்க ஏலவில்லை.

ஒருவாறு கராச்சுக்கு ஊர்ந்து சேர்ந்தோம். ரசீன் ஆறடி ஆள். ஏறி உட்கார்ந்து மிதித்தார்.

"எனக்கு அமத்தினா உள்ள போவுதே டீச்சர்!"

கார் போச்சு என்று நினைத்தேன். "பாத்தியளே!" என்றாள் மங்கை.

"பொறுங்க" என்றார் ரசீன். என்ஜினை நிறுத்தி, பிரேக்கைப் பலதரம் மிதித்து, காலை எடுக்காமல் திரும்ப ஸ்டார்ட் பண்ணினார். "இப்ப பெடல் கொஞ்சம் இறங்கோணும். இறங்குதில்ல. என்ஜின் உறிஞ்சுற பெலன் பிரேக்குக்கு வருகுதில்ல."

அப்போதுதான் எனக்குக் கேட்டது. 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு மெல்லிய சத்தம். அழக்கூடாது என்று பல்லுக்குள்ளே மூச்சை இழுக்கிற ஒரு பெண்ணைப் போல. பொனட்டைத் திறக்கச் சொல்லி, குனிந்து, ஒரு றப்பர் குழாயைத் தொட்டுக் காட்டினேன். அடிப்பக்கம் வெடித்திருந்தது.

"உங்கட காது நல்ல காது டீச்சர்!"

"காதை விடுங்கோ தம்பி. வழக்கு காலைப் பற்றி. கார் பழுதோ?"

"பழுதுதான்."

"வடிவாச் சொல்லுங்கோ!"

"சத்தியமாப் பழுது டீச்சர்!"

நான் கைதட்டினேன். கார் பழுது என்றதும் கைதட்டிய ஆளை அந்தக் கராச் கண்டிராது. தகரம் தட்டினவரும் நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

புதுக் குழாய் போட்டாயிற்று. காலையும் வடிவாகத் துடைத்தாயிற்று. வீடு வரைக்கும் ஊர்ந்தே வந்தேன், பிரேக்குக்கு வேலையே இல்லை. வழி முழுக்கப் பாட்டு வேறு. என் பாட்டைக் கேட்டு மங்கைகூடச் சிரித்தாள்.

வீட்டு வாசல் படலையடியில் பிரேக் பிடித்தேன். ஒரு கிழமைப் பழக்கம், பல்லைக் கடித்து, முழுப் பெலத்தோடு. பெடலோ இப்போது பழுத்த வாழைப்பழம்!

கார் ஆணி அடித்த மாதிரி நின்றது. மங்கை நிற்கவில்லை. காலடியில் உருண்ட தைலப் போத்தலை எடுக்கப் பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் குனிந்திருந்தாள். நெற்றி முன்பலகையில் 'டம்'.

நல்ல காலம், வீக்கம் மட்டும்தான். அவள் என் போனை எடுத்தாள், கனடாவுக்கு வீடியோ கோல் போட்டாள், நெற்றியைக் கமராவுக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

"தம்பி, உன்ர அம்மான்ர காலில பெலன் இருக்கு."