கிழக்கே வங்காள விரிகுடா

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கடலால் பாதிக்கப்பட்டவர் ஒரே ஒருவர்தான். ஊர் அவருக்கு வைத்த பெயர் லட்சத்தீவு. புயலில் படகைப் பறிகொடுத்தவரல்ல. படகில் காலே வைக்காதவர். எங்கள் ஊர்க்காரன் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறி, மூன்று மணி நேரம் வாயைப் பிளந்து தூங்கி எழுந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் ஒரு மனிதர் முப்பது வருஷமாகக் கடலில் மூழ்கிக் கிடந்தார். தனியாக மூழ்கியிருந்தால் நான் ஏன் இதை எழுதப்போகிறேன்? என்னையும் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார்.

தொழில், பத்திர எழுத்தர். ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே தகரம் போட்ட கடை. எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன். எனக்கு அங்கே இன்னும் காரியம் ஆக வேண்டியிருக்கிறது. கடையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், சாமி படம் மாட்டவேண்டிய இடத்தில் ஓர் உலக வரைபடம். அதற்குத் தினமும் ஊதுவத்தி காட்டுவார் என்று பேச்சு. பொய். வெள்ளிக்கிழமை மட்டும்தான்.

பத்திரம் எழுதி அவதிப்பட்டவர்களுக்குத் தெரியும், எந்த நிலமானாலும் நான்கு எல்லை எழுத வேண்டும். கிழக்கே இன்னார் நிலம், மேற்கே ஓடை, வடக்கே இன்னார் கிணறு, தெற்கே வண்டிப்பாதை என்று. இதற்குச் செக்குபந்தி என்று பெயர். இந்த நான்கு வரியை நம்பித்தான் எங்கள் பக்கத்து வக்கீல்கள் மூன்று தலைமுறையாகப் பிள்ளை வளர்க்கிறார்கள். ஒரு ஜாண் வரப்புக்காக அண்ணனும் தம்பியும் மண்டையை உடைத்துக்கொண்டு, கட்டுப்போட்ட தலையோடு வந்து நிற்பதைத் தினம் பார்த்துப் பார்த்து லட்சத்தீவின் மூளையில் ஏதோ ஒரு கல் சரிந்துவிட்டது என்பது என் கணிப்பு.

"சார், ஒலகத்துலயே வில்லங்கம் இல்லாத சொத்து இன்னா தெரியுமா? தீவு! நாலு பக்கமும் கடலு. பக்கத்து நெலத்துக்காரன்னு ஒருத்தன் கெடையாது. வரப்பு கெடையாது. கேசு கெடையாது."

"குடிக்கத் தண்ணியும் கெடையாது" என்றேன்.

"அது சின்ன விஷயம் சார்."

வேலை இல்லாத நேரங்களில் (அவர் எழுதும் லட்சணத்துக்கு அந்த நேரம் நிறையவே இருந்தது) உலகத்துத் தீவுக்கூட்டங்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் பத்திரம் எழுதிக் கம்ப்யூட்டரில் சேர்த்துக்கொண்டிருந்தார். விற்பவரும் இல்லை, வாங்குபவரும் இல்லை. சொத்து விவரம் மட்டும் இருக்கும். மினிக்காய்த் தீவுக்கு எழுதியதை ஒருநாள் எனக்கு வாசித்தும் காட்டினார். "வடக்கே ஒன்பது டிகிரி கால்வாய், தெற்கே எட்டு டிகிரி கால்வாய், கிழக்கே அரபிக்கடல், மேற்கே மேற்படி கடல், இதற்குட்பட்ட தீவும், அதிலுள்ள தென்னைகளும், பவளப்பாறைகளும், அலை வந்துபோகும் பாத்தியமும் சகிதம்."

வாசித்துவிட்டுக் கவலையோடு மோவாயைத் தடவினார். "எட்டு டிகிரி கால்வாய்க்கு அந்தாண்ட மாலத்தீவு, இந்தாண்ட நாம. பொதுக் கால்வாய் சார். மொறை வெக்காம வுட்டுக்கினு இருக்கறாங்க. நாளைக்கித் தகராறு வரும்."

"எதுக்கு முறை? உப்புத் தண்ணியை மடை திருப்பி எந்தக் கழனிக்குப் பாய்ச்சப் போறாங்க?"

"பாய்ச்சாட்டி போவுது. பாத்தியதைன்னு ஒண்ணு இருக்குதுல்ல?"

இந்த மனிதரிடம் ஜனங்கள் சொத்தெழுதப் போனார்கள். நான்கு மகன்களுக்குச் சண்டையில்லாமல் நிலத்தைப் பிரித்துத் தரச்சொல்லி ஒரு பெரியவர் வந்தபோது நானும் கடையில் இருந்தேன். லட்சத்தீவு அவரை வரைபடத்தின் முன்னால் நிறுத்தி, "பிலிப்பைன்ஸ்ல ஏழாயிரத்துச் சொச்சம் தீவு. அங்க ஒரு அப்பனுக்கு எத்தினி புள்ளைங்க இருந்தாலும் ஆளுக்கு ஒண்ணு குடுத்துட்டு நிம்மதியா கண்ணை மூடலாம். நீங்க பொறந்த எடம் தப்புங்க" என்றார். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்.

லட்சத்தீவுக்குச் சரியான பதில் கொடுத்தவர் வெள்ளிமலைக்காரர் ஒருவர்தான். ஏதோ மனு எழுத மலையிலிருந்து ஜீப்பில் இறங்கி வந்திருந்தார். அவரிடமும் லட்சத்தீவு ஆரம்பித்தார்: "ஒங்க கல்வராயன் மலையே ஒரு தீவுக்கூட்டந்தாங்க."

"தீவுன்னா சுத்தியும் இன்னா இருக்கும்?"

"தண்ணி."

"அப்ப எங்குளுது தீவு இல்லீங்க. தண்ணியெல்லாம் கீழ எறங்கி ஒங்குளுக்கு வந்துடுது. எங்களச் சுத்தி நீங்கதான் இருக்கறீங்க."

லட்சத்தீவு அன்று முழுக்க யாரையும் வரைபடத்தின் முன்னால் நிறுத்தவில்லை. ஊரே கொஞ்சம் இளைப்பாறியது.

இவ்வளவும் தெரிந்த நான் என் பாகப்பிரிவினைப் பத்திரத்தை எழுத யாரிடம் கொடுத்தேன் என்கிறீர்கள்? ஆமாம். பத்திரிகையில் ஊரையெல்லாம் முட்டாள் என்று எழுதுகிறவனுக்கு அந்தத் தகுதி எங்கிருந்து வந்தது என்று நினைத்தீர்கள்?

வடக்கனந்தலில் எங்கள் அப்பா விட்டுப்போன நிலம். கிழக்குப் பாதி என் அண்ணனுக்கு, மேற்குப் பாதி எனக்கு. கிணறு கிழக்கில் விழுந்தது. "மூத்தவன்னா கிணறா?" என்று கேட்டேன். அண்ணன் முப்பது வருஷமாக அந்த மண்ணில் வெயிலில் காய்கிறவன். என்னை ஏற இறங்கப் பார்த்தான். "டவுன்ல ஃபேனுக்கு அடியில ஒக்காந்து எழுதறவனுக்குக் கெணறு எதுக்குடா? பேனாவுக்கு மை பத்தலியா?"

அதற்குமேல் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பதிவன்று கேமரா முன்னால் உட்கார்ந்து எடுத்த போட்டோவில் நாங்கள் ஒரே தாய்வயிற்றுப் பிள்ளைகள் மாதிரியே இல்லை. ஒருவன் மூச்சு மற்றவன்மேல் படுவதற்குள் வெளியே போய்விட வேண்டும் என்ற அவசரத்தில் விரல்ரேகை வைத்தோம், கையெழுத்துப் போட்டோம். நூலகம் நூலகமாகப் படித்துக் கண்ணாடியின் பவரை ஏற்றிக்கொண்ட நான், என் சொந்தப் பத்திரத்தைப் படிக்கவில்லை.

ஒன்றரை வருஷம் வீறாப்பில் ஓடியது. என் பாகத்துக்குத் தனிப் பட்டா வேண்டும், அதை வைத்து ஆழ்துளைக் கிணறு போட்டுக் கரண்டு வாங்கவேண்டும் என்று சர்வேயரைக் கூட்டிக்கொண்டு போனேன். அண்ணனிடம் தண்ணீர் கேட்க வாய் வராததால் என் கரும்பு காய்ந்துகொண்டிருந்தது. சர்வேயர் சின்னப் பையன். சங்கிலியைக் கீழே வைத்துவிட்டுப் பத்திரத்தை இரண்டு முறை படித்தான்.

"சார், கெழக்கு எல்லையை அளக்கறதுன்னா கப்பல் ஏற்பாடு பண்ணணும்."

வாங்கிப் பார்த்தேன். மேற்கே ஏரி, சரி. வடக்கே ஓடை, சரி. தெற்கே வண்டிப்பாதை, சரி. கிழக்கே என் அண்ணன் பாகம் என்று இருக்கவேண்டிய இடத்தில், தெளிவான எழுத்தில், அரசு முத்திரையோடு, 'கிழக்கே வங்காள விரிகுடா'.

அதாவது, அண்ணன் வீடு, மாட்டுக் கொட்டகை, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு, எலவனாசூர்கோட்டை, உளுந்தூர்பேட்டை டோல்கேட், பண்ருட்டிப் பலாத்தோப்புகள், கடலூர் துறைமுகம் எல்லாம் என் பங்கு. ஒரு வாளித் தண்ணீருக்குத்தான் வழியில்லை.

கடைக்குப் போய்ப் பத்திரத்தை மேஜையில் அடித்தேன். லட்சத்தீவு நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"ஒங்குளுக்கு மேற்கால ஏரி இல்லீங்களா, ஸ்ரீஹரிகோட்டா தீவுக்கும் மேற்கால ஏரி. அந்தப் பத்திரத்தையே காப்பி பண்ணி ஏரி பேரை மாத்தினேன். கெழக்கை மாத்த மறந்துட்டேன் போலக்கீது."

"ராக்கெட் விடுற தீவும் என் கரும்புக் கொல்லையும் ஒண்ணாய்யா?"

"ஆனா பூகோளப்படி தப்பு இல்ல சார். அங்கேருந்து கெழக்கால போய்க்கினே இருந்தா கடலு வரத்தானே வேணும்?"

மனிதனை அடிக்காமல் திரும்பியது என் வாழ்நாளில் நான் செய்த ஒரே தவம்.

பிழைத்திருத்தல் பத்திரம் எழுதினால் சரியாகிவிடும். ஆனால் அதில் அண்ணனும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். சொந்தக்காரர் ஒருவர் மூலம் சொல்லியனுப்பினேன். "பேனா புடிக்கறவன் அவன்தானே, எங்கையெழுத்தையும் அவனே போட்டுக்கட்டும்" என்று பதில் வந்தது. நேரில் போய்க் கேட்கலாம். ஆனால் எனக்கும் அதே அப்பாவின் கோபக்கார மூக்குதான் வாய்த்திருக்கிறது. கரும்பு காயட்டும் என்று வீட்டில் உட்கார்ந்து, சகிப்புத்தன்மையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன்.

என்னிடம் சொல்லாமல் லட்சத்தீவு தன் மொபெட்டை எடுத்துக்கொண்டு வடக்கனந்தல் போயிருக்கிறார். நடந்ததை அண்ணி பிற்பாடு சொன்னார்கள். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு வீட்டை மேலும் கீழும் பார்த்தாராம். சுவரைத் தட்டிப் பார்த்தாராம்.

"இன்னா ரைட்டரே, வூட்டை வெலைக்கு வாங்க வந்தியா?" என்றிருக்கிறான் அண்ணன்.

"இல்லண்ணே. கடைசியா ஒரு தடவை பாத்துட்டுப் போலாம்னு. இது ஒங்க தம்பி பாகத்துல வந்துட்டுது."

"இன்னாது?"

"கடலு வரிக்கும் அவருக்குத்தான் ரிஜிஸ்டர் ஆயிருக்குது. மாட்டுக் கொட்டாயும் சேத்துத்தான். நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கறீங்க. திருத்தணும்னா நாளைக்கிப் பத்து மணிக்கு வாங்க. இல்லன்னா அவரு நல்ல மனுசன், வாடகை கம்மியாதான் கேப்பாரு."

அண்ணன் சோற்றுக் கையோடு எழுந்துவிட்டானாம்.

மறுநாள் லட்சத்தீவு போன் செய்து கூப்பிட்டதால் நான் அவர் கடைக்குப் போனேன். ஒன்பதரைக்கே அண்ணன் படியில் நின்றிருந்தான். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வாக்கியம்: "ஏன்டா, கடலு வரிக்கும் வேணுமா ஒனக்கு?"

"நான் எங்கண்ணே கேட்டேன்? அந்தாளு எழுதிட்டான்."

"அவன் எழுதுனா? படிச்சவன்தானே நீ, படிக்கமாட்ட?"

"நீயுந்தானே கையெழுத்துப் போட்ட?"

"நீ படிச்சிருப்பன்னு போட்டேன்டா!"

தன்னோடு பேசாத தம்பியின் படிப்பை அவன் அவ்வளவு நம்பியிருக்கிறான். நான் தரையைப் பார்த்தேன். அவனும் எதையோ பார்த்தான். பிறகு இருவரும் ஒரே சமயத்தில் லட்சத்தீவின் பக்கம் திரும்பி, அரைமணி நேரம் திட்டினோம். நான் விட்ட இடத்தில் அவன் எடுத்தான், அவனுக்கு மூச்சு வாங்கியபோது நான் தொடர்ந்தேன். சின்ன வயதில் மாங்காய் அடிக்கப் போன நாட்களுக்குப் பிறகு நாங்கள் இவ்வளவு ஒற்றுமையாக எதையும் செய்ததில்லை. லட்சத்தீவு தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டே டைப் அடித்து முடித்தார். கிழக்கே அண்ணன் பாகம் என்று இந்த முறை இருவருமே விரல் வைத்துப் படித்தோம். கையெழுத்துப் போட்டோம்.

கையெழுத்தான தாளைப் பார்த்து லட்சத்தீவு பெருமூச்சு விட்டார். "நல்ல எல்லை சார் அது. இப்ப பாருங்க, மறுபடியும் ஒங்க அண்ணன் வந்துட்டாரு."

அன்று சாயங்காலமே அண்ணன் கிணற்றிலிருந்து என் கரும்புக்குத் தண்ணீர் திரும்பியது. யாரும் யாரையும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் அண்ணன்தான் போன் செய்தான். "டேய், அந்த ரைட்டரு கடலைக் கண்ணால பாத்ததே இல்லியாம்டா. கேட்டா, படத்துல பாத்துக்கறேன்றான். வா, இட்டுக்கினு போவலாம்."

மூன்று பேரும் கடலூர் போனோம். மணலில் இறங்கியதும் லட்சத்தீவு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். அலை வந்தது. போனது. வேறோர் இடம் வரை வந்தது. போனது. அவர் முகம் மெல்லத் தொங்கிப்போனது.

"சார், இது ஒரு எடத்துல நிக்கமாட்டேங்குதே?"

"கடல்னா அப்படித்தான்யா."

"எல்லைன்னா நிக்க வேணாமா? பட்டப்பகல்ல, இத்தினி பேரு பாக்கச்சொல்ல, ரெண்டடி ஆக்கிரமிக்குது. இதை வெச்சி நான் எப்பிடி சார் பத்திரம் எழுதனேன்?"

"வுடு ரைட்டரே" என்றான் அண்ணன். "வந்த வேகத்துல வுட்டும் குடுக்குதுல்ல."

முப்பது வருஷத் தொழில் தண்ணீரில் போன துக்கத்தில் லட்சத்தீவு சுண்டல்கூடத் தின்னவில்லை. திரும்பும் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நடுவில் உட்கார்ந்தார். பண்ருட்டி வருவதற்குள் அண்ணன் தோளில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். வாயோரம் வழிந்த எச்சில் அண்ணனின் வெள்ளைச் சட்டையில் ஒரு சின்னத் தீவாகப் பரவியது. அண்ணன் கள்ளக்குறிச்சி வரை அசையாமல் உட்கார்ந்து வந்தான். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. இந்தப் பக்கம் என் தோளும் சும்மாதானே இருந்தது.