மாமாவின் நீலக்கல்லைச் சோதித்த விவரம்

அன்பும் மரியாதையும் உள்ள மாமா அவர்களுக்கு,

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் உங்கள் அக்கா மகள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. உங்கள் சளி இந்நேரம் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே அப்பா, அம்மா, அக்கா, நான் நால்வரும் நலம். 'நலம்' என்று எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன். காய்ச்சலோ தலைவலியோ யாருக்கும் இல்லாததால் அந்தச் சொல்லை அடிக்காமல் விட்டிருக்கிறேன்.

அத்தையாக வரப்போகிறவருக்கு மோதிரம் செய்ய நீங்கள் சொல்லிவைத்த நீலக்கல்லைக் கல் வியாபாரி போன திங்கட்கிழமை கொண்டுவந்து கொடுத்தார். தெரிந்தவர்கள் வீட்டில் ஒரு வாரம் கல்லை விட்டுவைப்பது அவர் வழக்கமாம். பிடித்தால் பணம், பிடிக்காவிட்டால் கல். "உங்கப்பா பளபளன்னு இருந்தா உடைஞ்ச பாட்டிலைக்கூட வாங்கிடுவாரு. நீதான் புஸ்தகப் புழு, நீயே சோதிச்சு எழுது, உன் பேச்சைக் கேட்டுத்தான் வாங்குவேன்" என்று நீங்கள் தொலைபேசியில் சொன்னீர்கள் அல்லவா? அந்தப் பெருமையில் நான் நூலகத்துக்குப் போய், ரத்தினங்களைச் சோதிப்பது பற்றி இருந்த ஒரே புத்தகத்தை எடுத்துவந்து, அறிவியல் ஆசிரியையிடம் கெஞ்சிப் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் ஒன்றையும் இரவல் வாங்கிவந்தேன். இனி நடந்ததற்கெல்லாம் அந்தப் பெருமைதான் காரணம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தேன், வெயில் நேராகப் படாமல். நீலம் சீராக இருந்தது. குண்டு பல்பின் கீழே வைத்தேன், கறுத்துப் போகவில்லை. உள்ளே உருண்டைக் குமிழி இருந்தால் கண்ணாடி என்கிறது புத்தகம். குமிழி இல்லை. நிறக் கோடுகள் வளைந்திருந்தால் தொழிற்சாலையில் செய்த கல். கோடுகள் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல நேராக இருந்தன. கூடவே ஒரு சான்றிதழும் இருந்தது. அதில் கல்லின் படம் வரைந்து, உள்ளே எங்கெங்கே புள்ளி இருக்கிறது என்று சிவப்பு மையில் குறித்திருந்தார்கள். மனிதருக்கு ரேகை மாதிரி கல்லுக்கு அந்தப் புள்ளிகள்தான் அடையாளமாம். சான்றிதழில் மூன்று புள்ளி, கல்லிலும் மூன்று புள்ளி. எல்லாம் பொருந்திவிட்டது என்று நோட்டில் எழுதிக் கோடும் போட்டுவிட்டேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

சாயங்காலம் ஆசையாக இன்னொரு தடவை பார்த்தேன். நான்கு புள்ளி. லேசான பழுப்பு, கொஞ்சம் நீள்வட்டம். எனக்குத்தான் கண் கெட்டுவிட்டதோ என்று அப்பாவைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன். "நாலுதான். அச்சடிக்கிறவன் ஒண்ணை முழுங்கியிருப்பான்" என்றார். மறுநாள் காலையில் ஐந்து. அம்மாவைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன். "அஞ்சு. போதுமா? அடுப்புல வேலை கிடக்கு" என்றாள். மத்தியானம் ஆறு. அக்காவைக் கூப்பிட்டேன். பார்த்தீர்களா மாமா, எண்ணிக்கையைச் சரிபார்க்க நான் கூப்பிடக் கூப்பிட எண்ணிக்கை ஏறிக்கொண்டே போயிற்று. ஒரு சோதனையை இன்னொருவரும் செய்து பார்க்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்ததைத்தான் நான் செய்தேன்.

புதன்கிழமை எங்கள் பள்ளியிலேயே உதவித்தொகைப் பரீட்சை. நுழைவுச் சீட்டில் எல்லோருடைய அங்க அடையாளமும் எழுதியிருக்கும். எனக்கு 'இடது மணிக்கட்டில் ஒரு மச்சம்'. மேற்பார்வைக்கு வந்த ஆசிரியை கையை நீட்டச் சொன்னார். நீட்டினேன். மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. "யாரும்மா நீ? அவளுக்குப் பதிலா எழுத வந்தியா? தங்கச்சியா?" என்று கேட்டார். "டீச்சர், நான் நாலு வருஷமா முதல் பெஞ்ச்" என்றேன். "முதல் பெஞ்சுல உக்காருற பொண்ணை எனக்குத் தெரியாதா?" என்றார். கடைசியில், அவர் திரும்பிய நேரத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து மறுபடியும் கையை நீட்டினேன். "ஆமா, இருக்கே! இதை முதல்லயே காட்டுறதுக்கென்ன?" என்று உட்காரவிட்டார். அன்றைக்கு நான் எழுதிய முதல் சரியான விடை அந்தப் புள்ளிதான்.

வீட்டுக்கு ஓடிவந்து லென்ஸை எடுத்தேன். நான்காவது புள்ளி, பழுப்பு, நீள்வட்டம். என் மணிக்கட்டில் பதினான்கு வருஷம் இருந்தது அதுதான். அப்புறம் ஐந்தாவதைப் பார்த்தேன். மாமா, அதில் இரண்டு முடி இருந்தது. அப்பாவின் காது மடலில் இரண்டு முடியோடு ஒரு மச்சம் உண்டே, அம்மா கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு துரத்துவாளே, அதே இரண்டு முடி! அப்பாவின் காதைப் பிடித்துத் திருப்பினேன். மழமழவென்று இருந்தது. ஆறாவது, அம்மாவின் தாடையில் இருந்தது. ஏழாவதும் எட்டாவதும் அக்காவின் மூக்கோரத்திலும் கழுத்திலும் இருந்தவை. அக்கா கண்ணாடியில் பார்த்துவிட்டு, "அடியே, க்ரீம் தடவித் தடவிப் போகாதது போயிடுச்சுடி! மாமாவை இதையே வாங்கச் சொல்லு" என்று குதித்தாள். ஒன்பதாவது எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. அது கோணலாக ஒரு கோடு மாதிரி இருக்கிறது. அப்பா சைக்கிளிலிருந்து விழுந்து புருவத்தில் தைத்த தழும்பை இப்போது காணோம்.

மச்சம்தானே என்று நீங்கள் சிரிக்கலாம். அப்பாவும் வியாழக்கிழமை காலைவரை சிரித்தார். பத்தொன்பது வருஷமாக ஒரே அலுவலக வாசலில் நுழைகிற மனிதரைக் காவலாளி நிறுத்தி, "சார் யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டிருக்கிறார். "என்னைத்தான்யா பார்க்கணும்" என்று அப்பா கத்த, "அவர் இன்னும் வரலை, உக்காருங்க" என்று நாற்காலி போட்டிருக்கிறார். அப்பா தமக்காகத் தாமே முக்கால் மணி நேரம் காத்திருந்தார். அம்மா வேலை செய்யும் தையல் கூடத்தில் பக்கத்து மெஷின்காரர், "புதுசா சேர்ந்திருக்கீங்களா? முதலாளி கொஞ்சம் கோபக்காரர், பார்த்து நடந்துக்குங்க" என்று அம்மாவுக்குப் புத்தி சொல்லியிருக்கிறார். அக்கா இப்போது குதிப்பதில்லை. அவளுடைய சிநேகிதி தெருவில் அவளைத் தாண்டிப் போய்விட்டாள். நேற்று மத்தியானம் அம்மா மூன்று தட்டு வைத்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்து, ரொம்ப மரியாதையாக, "நீயும் ஒரு வாய் சாப்பிட்டுப் போயேம்மா" என்றாள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். எல்லோரும் சிரித்தோம். யாரும் வயிறாரச் சாப்பிடவில்லை.

ஆகையால் மாமா, நீங்கள் ஒப்படைத்த பொறுப்பின்படி என் முடிவைச் சொல்கிறேன். கல் அசல். நிறம் நன்று. வெட்டும் நன்று. ஆனால் தயவுசெய்து வாங்காதீர்கள். மோதிரத்தில் போட்டால் அத்தை தினமும் அதைப் பார்ப்பார், கல்யாண வீட்டில் ஆளாளுக்குக் கையைப் பிடித்துப் பார்ப்பார்கள். தவிர, சான்றிதழில் மூன்று புள்ளி இருந்து கல்லில் ஒன்பது இருந்தால் மதிப்பு பாதியாகக் குறையும் என்று புத்தகத்திலேயே இருக்கிறது. அந்த முதல் மூன்று யாருடையவை என்று புத்தகத்தில் இல்லை. கல்லைத் திருப்பிக் கொடுத்துவிடும்படி அப்பாவிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

அத்தையாகப் போகிறவருக்கு என் அன்பு. உங்களுக்கு எல்லாரும் நமஸ்காரம் சொல்லச் சொன்னார்கள். மஃப்ளர் இல்லாமல் வெளியே போகாதீர்கள் என்று அம்மா சொல்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிதலுள்ள அக்கா மகள் (சின்னவள்)

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் கல் வியாபாரி வந்துவிட்டார். "புள்ளி ஜாஸ்தியா இருக்குங்க, வேணாம்" என்று அப்பா சொன்னார். வியாபாரி கல்லைப் பார்க்கக்கூட இல்லை. பொட்டலத்தை மடித்துக்கொண்டே, "அதனாலென்ன சார், சூளையில ஒரு நாள் வெச்சு எடுத்தா அத்தனை புள்ளியும் கரைஞ்சு போயிடும். கல்லு தண்ணி மாதிரி தெளிஞ்சு வரும். வர்ற வியாழக்கிழமை வைக்கிறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மாவின் கை தாடைக்குப் போயிற்று. மாமா, மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். வியாழனுக்கு முன்னால் வாருங்கள். என்ன விலை சொன்னாலும் பேரம் பேசாமல் அந்தக் கல்லை வாங்குங்கள். நீங்கள் லென்ஸில் பார்க்காதீர்கள், வியாபாரியையே எண்ணச் சொல்லுங்கள். ஒன்பது இருக்க வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் கல்லை மாற்றிவிட்டார்கள் என்று அர்த்தம், வாங்கக் கூடாது என்கிறது புத்தகம். குறைந்தாலும் வாங்கிவிடுங்கள். யார் குறைந்தது என்று நாங்கள் வீட்டில் எண்ணிப் பார்த்துக்கொள்கிறோம்.