மூன்றடுக்கு வாசனை

"இது என்ன வாசனை?"

வாஷிங் மெஷினுக்குள் போகவேண்டிய நீலச் சட்டையை மனைவி இரண்டு விரலால் தூக்கிப் பிடித்திருந்தாள், செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோல.

கண்ணாடிக்காரர் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தினார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் தெருவில் அவருக்கு அதுதான் பெயர். கண் பார்க்க வருகிறவர்களின் முகத்தருகே முகத்தை வைத்தே பிழைக்கிற தொழில். அதனால் தனக்கென்று ஒரு வாசனை வேண்டும் என்று சில நாளாகவே பித்துப் பிடித்து அலைந்தார். வீடியோ பார்த்து ஒரு வித்தையும் கற்றுக்கொண்டார். ஒரு வாசனைமேல் இன்னொன்று, அதன்மேல் மற்றொன்று என்று அடுக்கவேண்டும்; லேயரிங் என்று அதற்குப் பெயர். கடைசியில் உலகத்தில் வேறு யாரிடமும் இல்லாத வாசனை ஒன்று வருமாம்.

"அதுவா? என் சொந்த வாசனை!" என்றார் பெருமையாக. "அடியில சந்தனத் தைலம், நடுவுல வெனிலா, மேல எலுமிச்சை. நேத்துதான் மூணையும் சேத்துப் போட்டுட்டுப் போனேன்."

"இது ரோஜா."

"என்னது?"

"ரோஜா. பொம்பளைங்க போடற சென்ட்."

அவரும் மோந்து பார்த்தார். ரோஜாதான். ஒரு நொடி திகைத்தவருக்கு வீடியோவில் கேட்டது ஞாபகம் வந்தது. "காலையில ஒண்ணு மணக்கும், சாயங்காலம் வேற ஒண்ணு மணக்கும். லேயரிங்கோட அழகே அதானே!"

"சந்தனமும் எலுமிச்சையும் சேந்தா ரோஜா பூக்குமா? எந்தத் தோட்டத்துல?"

அத்தோடு வாயை மூடியிருக்கலாம். "நம்பலைன்னா இப்பவே செஞ்சு காட்டறேன்" என்று எழுந்தார்.

மூன்று குப்பிகளும் மேஜைக்கு வந்தன. முன்கையில் தைலம் தடவி, வெனிலாவைத் தொட்டு வைத்து, எலுமிச்சையை இரண்டு முறை பீச்சி, கையை நீட்டினார்.

மனைவி குனிந்து மோந்தாள். "தரை துடைக்கிற தண்ணி."

"கொஞ்ச நேரம் ஊறணும்."

"ஊறட்டும். நான் அண்ணியைக் கூப்பிடறேன். அவங்க மூக்குக்கு எதுவும் தப்பாது."

மாடி வீட்டிலிருந்து அண்ணி இறங்கி வந்தாள். பின்னாலேயே, வாயில் பேஸ்ட் நுரையோடு கண்ணாடிக்காரரின் மச்சானான அண்ணனும் வந்தார். அண்ணி சட்டையை வாங்கி ஒரே ஒரு இழுப்பு இழுத்தாள்.

"ரோஜாதான். அதுலயும் விலை கூடின ரோஜா."

மச்சான் சட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தீர்ப்பை எழுதிக்கொண்டுதான் படியிறங்கியிருந்தார். "என் தங்கச்சி கண்ணுல மட்டும் தண்ணி வந்துச்சு, மாப்ளன்னுகூடப் பாக்க மாட்டேன்!"

"மச்சான், நேத்து கடையை மூடிட்டு நேரா உங்ககூட ஷட்டில் ஆடத்தானே வந்தேன்? நீங்களே சொல்லுங்க."

"ஷட்டிலுக்கு நான் சாட்சி. அதுக்கு முன்னாடி கடைக்குள்ள என்ன ஆட்டம் ஆடினீங்களோ, யாரு கண்டா?"

நிரபராதிக்குக் கோபம் வந்தால் மூளை வேலை செய்யாது. "உடம்புச் சூடு வேணும். அதான் குறை" என்று சொல்லிவிட்டு கண்ணாடிக்காரர் மாடிப்படியில் ஏறி ஏறி இறங்கினார். திரும்பி வந்தபோது வேர்வை வழிந்தது.

அண்ணி ஓரடி பின்வாங்கினாள். "பேக்கரிக்குள்ள யாரோ குஸ்தி போட்ட மாதிரி இருக்கு."

"கடையில லென்ஸ் துடைக்கிற திரவம் கையில பட்டிருக்கும். அதையும் சேக்கணும்!"

கைப்பையிலிருந்து எடுத்து அதையும் சேர்த்தார். இப்போது அவரிடமிருந்து ஆஸ்பத்திரி வராந்தா வீசியது.

மனைவி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கத்தவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"வாசனையை விடுங்க. உங்களுக்குப் பொய் சொல்லத் தெரியாதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேனே" என்றாள் மெதுவாக. "என் புத்தியைச் சொல்லணும்."

அவர் செய்யாத தப்புக்குக் கழுவாய் தேடுகிறவரைப்போல மூன்று குப்பிகளையும் திறந்து அப்படியே மார்பில் கவிழ்த்துக்கொண்டார். அறையே மூச்சுத் திணறியது. அண்ணி தும்ம ஆரம்பித்தாள். மனைவி ஜன்னலைத் திறக்க ஓடினாள்.

"இப்பப் பாருங்க மச்சான்! ரெண்டையும் மோந்து, மனசாட்சியோட சொல்லுங்க!"

"சொல்றேன், நானே சொல்றேன்!" மச்சான் சட்டையைப் பிடுங்கி மூக்கில் வைத்தார்.

வைத்தவர் எடுக்கவில்லை. காலரைத் திருப்பிப் பார்த்தார். கைப்பட்டியைப் பார்த்தார். வாயோரத்து நுரை தானாக வழிந்தது.

"என்ன அண்ணா?"

"இதேதான்" என்றார் மச்சான்.

"எது?"

"இதே வாசனைதான்மா! அச்சு அசல்! மாப்ள சொன்னது சத்தியம்!"

"எனக்கு அப்படித் தெரியலையே..." என்றாள் அண்ணி, தும்மலுக்கு நடுவில்.

"உனக்கு மூக்கு அடைச்சுப்போச்சு. அந்தக் காலத்துலயே இப்படி மூணு நாலு சேந்தா ரோஜா வரும்னு சொல்லுவாங்க. தங்கமான மனுஷனைச் சந்தேகப்பட்டுட்டோமே!"

சொன்ன கையோடு சட்டையை மெஷினுக்குள் திணித்தார். சோப்புத் தூளைத் தாராளமாகக் கொட்டி, அவரே பொத்தானையும் அமுக்கினார்.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அண்ணாவே சொன்னா சரிதான். தப்பா நினைச்சுட்டேங்க."

கண்ணாடிக்காரர் மச்சானின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "இந்த உதவியை உயிர் உள்ளவரை மறக்க மாட்டேன் மச்சான்."

"அதெல்லாம் எதுக்கு மாப்ள, நமக்குள்ள..." மச்சானின் கை சில்லிட்டிருந்தது.

அழைப்புமணி அடித்தது. ஷட்டில் கோர்ட்டைப் பார்த்துக்கொள்கிறவர் வாசலில் நின்றார். கையில் ஒரு துணிப்பை. மனைவி வாங்கிப் பிரித்தாள். உள்ளே அதே மாதிரி இன்னொரு நீலச் சட்டை. கூடவே லேசாகச் சந்தனமும் எலுமிச்சையும் மணந்தன.

அண்ணியின் தும்மல் சட்டென்று நின்றது.

"நேத்து உங்க மச்சான் சார் ஆடின பனியனோடவே கிளம்பிட்டாருங்க. கொக்கியில மிஞ்சின சட்டைப் பையில உங்க கடைப் பேர் போட்ட கண்ணாடி துடைக்கிற துணி இருந்துச்சு. அப்பதான் புரிஞ்சுது சார், நீங்க மாட்டிக்கிட்டு வந்தது அவரோட சட்டைன்னு!"