பூவைத் தொடாத தேன்

குற்றாலத்தில் அந்த ஆண்டு அருவியைவிடக் கூட்டம் மலர்தொடாச் சாமியின் குடிசைக்குத்தான். ஐந்தருவியில் குளித்தவர்கள் தலைகூடத் துவட்டாமல் வந்து வரிசையில் நின்றார்கள். உள்ளே சுவரோரம் ஒரு தேனீப் பெட்டி. அதன் வாசலை அரக்கால் அடைத்துக் குங்குமம் வைத்திருந்தார் சாமி. அந்த ஈக்கள் வெளியே போவதில்லை, பூவைத் தொடுவதில்லை. சாமியின் மந்திரத்தைத் தின்றே தேன் கக்குகின்றன! அந்தத் தேனைக் கண்ணில் விட்டால் புரை கரையும் என்பது சாமியின் வாக்கு. ஒரே நிபந்தனை: பிறகு அந்தக் கண்ணில் டாக்டர் கத்தி படக்கூடாது. தொழில்போட்டி சாமிக்கும் உண்டல்லவா?

வரிசையில் ஒருவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். வீரபாகு. ஊரறிந்த பகுத்தறிவுப் பேச்சாளர். போன மாதம்தான் சுரண்டை மேடையில், "ஈ பூவிலிருந்து இனிப்பு நீரை உறிஞ்சுகிறது. வயிற்றுப் பையில் சுமந்து வருகிறது. கூட்டில் வாய்க்கு வாய் மாற்றி, இறகால் விசிறிச் சுண்டவைக்கிறது. அதுதான் தேன்! இதில் மந்திரம் எங்கே?" என்று முழங்கி, சோடா குடித்து, மாலையும் வாங்கியவர்.

விடிந்தால் அவர் மனைவி பேராச்சிக்குப் பாளையங்கோட்டையில் கண் ஆபரேஷன். வலக்கண் பால்போல் வெளுத்துவிட்டது. கண்ணில் கத்தி என்று நினைத்தாலே வீரபாகு தன் கண்களை இறுக மூடிக்கொள்வார். இத்தனைக்கும் கத்தி படப்போவது அவர் கண்ணில் அல்ல.

"மேடையில ஒண்ணு பேசுதீய, இங்கன வந்து ஒண்ணு செய்யுதீய" என்றாள் பக்கத்தில் நின்ற பேராச்சி.

"மெதுவாப் பேசுட்டி. ஒரு சொட்டு விட்டுப் பாப்போம்."

"விட்டுட்டா ஆபரேஷன் கூடாதுன்னுல்லா சொல்லுதான்? கண்ணு போச்சுன்னா நீங்க குடுப்பீயளா? சரி, பூ வேண்டாம்னா அந்த ஈ எதத் திங்கும்?"

"மந்திரத்தத்தான்."

சொன்ன வாயை வீரபாகுவாலேயே நம்ப முடியவில்லை.

"வெத்தல துப்பிட்டு வாரேன்" என்று பேராச்சி குடிசைக்குப் பின்னால் போனாள். கொஞ்ச நேரத்தில் அவள் குரல் மட்டும் வந்தது.

"ஏ, எல்லாரும் இங்கன வாங்க! மந்திரம் பறந்து வருது!"

கூட்டம் ஓடியது. பின்சுவரில் விரல் நுழையும் ஓர் ஓட்டை. பேராச்சி அதை ஈரமண்ணால் அடைத்திருந்தாள். சாரல் விட்ட நேரம். தென்னந்தோப்பிலிருந்து திரும்பிய ஈக்கள் வழி தெரியாமல் சுவரில் மொய்த்தன. காலெல்லாம் மஞ்சள் மகரந்தம்.

சாமி மூச்சிரைக்க வந்தார். "தொடாதீய! அது வேற ஈ! காட்டு ஈ!"

"அப்படியா சாமி?" பேராச்சி குச்சியால் மண்ணைத் தட்டிவிட்டாள். ஈக்கள் வரிசையாக உள்ளே நுழைந்தன. "காட்டு ஈக்கு ஒம்ம பெட்டியில என்ன சோலி?"

நாலு பேர் உள்ளே ஓடிப் பெட்டியை நகர்த்தினார்கள். பின்பலகையிலும் ஓர் ஓட்டை! சாமி பதில் சொல்ல வாயைத் திறந்தார். ஓர் ஈ உதட்டிலேயே கொட்டியது. சாமி வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார்.

"அண்ணாச்சி, நீங்க சுரண்டையில பேசினவருல்லா?" என்றான் ஒருவன்.

"ஆமா... பரிசோதனைக்கு வந்தேன்."

"பண்ணுனாரு, பண்ணுனாரு. துண்டுக்குள்ள இருந்துக்கிட்டு" என்றாள் பேராச்சி.

மறுநாள் ஆபரேஷன் அறைக்குள் அவள் சிரித்தபடி போனாள். வெளியே மயங்கி விழுந்தவருக்கு நர்ஸ் தண்ணீர் தெளித்தாள்.

கடுகளவு தலை கொண்ட தேனீ, பூ எங்கே என்று தானே பறந்து போய்த் தேடுகிறது. பூசணிக்காய் அளவு தலை கொண்ட நாம், சுவருக்குப் பின்னால் போய் எட்டிப் பார்க்கச் சோம்பிக்கொண்டு வரிசையில் நிற்கிறோம். தலை எதற்கு ஐயா, தேங்காய் எண்ணெய் தடவவா?